சணல் சாக்கு, நனைந்தது, ஒன்று

அன்று காலையில் அங்கே இருந்தவர்கள் இவர்கள். ஆய்வாளர் ஒருவர். ஏட்டையா ஒருவர். காவலர்கள் இரண்டு பேர். ஜீப் ஓட்டுநர், அவர் கடைசி வரை கீழே இறங்கவில்லை. கோழிக்கடை பாய். சலூன்காரர். சலூன்காரர் பாதியில் விட்டுவிட்டு வந்த ஆள், ஒரு கன்னத்தில் நுரையும் கழுத்தில் துண்டுமாக. பிறகு நான். என் தலையில் சாக்கு.

சாக்குக்குச் சொந்தக்காரன் இல்லை. அவன் ஓடிவிட்டான்.

இடம், திருநெல்வேலி புறவழிச்சாலையில் ஒரு வாய்க்கால் பாலம். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை. நான் ஏரல் போகிற பஸ்ஸுக்கு நின்றேன். தங்கச்சி மகளுக்குக் காது குத்து. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். இடுப்பில் கொக்கி இருந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நான். இருபத்தெட்டு வருஷம். கொக்கி இல்லாமல் வெளியே போனால் கால்சட்டை போடாமல் போன மாதிரி இருக்கும்.

பாலத்துக்குக் கீழேயிருந்து ஒருத்தன் சாக்கை இழுத்துக்கொண்டு ஏறி வந்தான். வாய்க்காலில் கோரைக்குள்ளே கிடந்த சாக்கு. தண்ணீர் சொட்டியது.

"அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க. வண்டி அங்கன எதுத்தாப்புல நிக்கி."

எங்கள் தொழிலில் ஒரு கை கேட்டால் கொடுத்துவிட வேண்டும். உள்ளே என்ன என்று கேட்பது கிடையாது. அரிசி என்றாலும் அதே கழுத்து, உப்பு என்றாலும் அதே கழுத்து. ஆனால் ஒரு கை மட்டும் பிடிக்கிற வேலை இல்லை அது. இருபது கிலோதான் இருக்கும். அதை இரண்டு பேர் தூக்குவது எங்களுக்கு அசிங்கம். தலையில் வைத்தேன். தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. ஒரு வாடை வந்தது. வாய்க்கால் வாடை என்று நினைத்தேன். அந்த வாய்க்காலில் எந்த வாடையும் வரும்.

நடுரோட்டில் ஜீப் வந்தது. அவன் ஓடினான். நான் ஓடவில்லை.

போட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். வக்கீல் கேட்டார், மச்சினன் கேட்டான், சிறையில் பக்கத்துப் பாயில் படுக்கிறவன் கேட்டான். மூட்டையைப் போடக் கூடாது. மண்டியில் மூட்டையைப் போட்டு உடைத்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை. அது எனக்குத் தெரியும். இது ஊர் பேர் தெரியாதவன் மூட்டை, மண்டி மூட்டை இல்லை என்பது மண்டைக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியவில்லை. நான் முழங்காலை மடக்கி, குனிந்து, பைய இறக்கி வைத்தேன். சாயாமல் நிமிர்த்தியும் வைத்தேன்.

ஆய்வாளர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னலே இது?"

"மூட்டை."

"மூட்டைன்னு எனக்குத் தெரியுது. உள்ள என்ன?"

"தெரியாது."

"தெரியாமத்தான் தலையில வச்சிருந்தியோ?"

"தெரிஞ்சிக்கிட்டு எந்த மூட்டையும் தூக்குனதில்லைங்க."

இது உண்மை. இதற்கு ஒரு அறை விழுந்தது.

பிரித்தார்கள். பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள், பத்து. ஒன்றைக் கிழித்தார்கள். கஞ்சா. சலூன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ, நான் பார்சல் சோறுன்னுல்லா நெனச்சேன்" என்றார். அவரைச் சாட்சியாகப் போட்டுக்கொண்டார்கள். எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் தப்பியிருப்பார்.

ஜீப்பில் தராசு இல்லை. கோழிக்கடையில் இருந்தது.

"பாய், தராசைக் கொண்டாரும்."

"சார், ஞாயித்துக்கெழம சார். கறிக்கு ஆளு நிக்கி."

"அஞ்சு நிமிசம் வே. ஒம்ம கோழி பறந்துராது."

பாய் தராசைக் கொண்டுவந்தார். மேலே கறித்தட்டும் இருந்தது. பொட்டலங்களைத் திரும்பச் சாக்குக்குள்ளேயே போட்டு, சாக்கைத் தட்டின் மேலே வைத்தார்கள். ஆய்வாளர் எண்ணை வாசித்தார். ஏட்டையா எழுதினார்.

ஏட்டையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் கெட்டவர் இல்லை. எழுத்தில் ஆசை உள்ளவர். ஜீப்பின் மூக்கில் தாளை வைத்து நின்றபடி மகஜர் எழுதினார். மகஜர் என்பது என்ன எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று சாட்சிகளை வைத்துக்கொண்டு எழுதுவது. மற்றவர்கள் அரைப் பக்கத்தில் முடிப்பார்களாம். இவர் நாலு பக்கம் எழுதினார். என் கொக்கியை 'கூரிய இரும்புக் கொக்கி, வளைந்தது, ஒன்று' என்று எழுதினார். நான் இருந்த நிலையை 'வெண்ணிறச் சட்டை அணிந்து திருதிருவென விழித்தபடி' என்று எழுதினார். சாக்கை 'வாய்க்கால் நீரில் ஊறிச் சொட்டச் சொட்ட இருந்த சணல் சாக்கு, நனைந்தது, ஒன்று' என்று எழுதினார். அடுத்த வரி, 'சாக்குடன் எடை 21 கிலோ 200 கிராம்.'

அவர் எழுத்து ஆசைதான் பின்னால் எனக்கு உதவியது. அப்போது தெரியவில்லை. அப்போது அவர் ஒரு பொட்டலத்திலிருந்து கொஞ்சம் அள்ளி, காகிதக் கவரில் போட்டு, 'மாதிரி 50 கிராம்' என்று எழுதி, அரக்கு வைத்தார். அரக்குக்கு நெருப்பு சலூன்காரர் கொடுத்தார்.

என்னையும் சாக்கையும் ஜீப்பில் ஏற்றினார்கள். தராசையும் ஏற்றினார்கள்.

"சார், தராசு!" என்று பாய் கூடவே ஓடிவந்தார்.

"கேஸ் சொத்து வே."

நுரை காய்ந்த ஆள் சலூன்காரரைப் பார்த்து, "இந்தக் கன்னத்தையாவது முடிச்சு விடுமய்யா" என்றார். ஜீப் கிளம்பிவிட்டது.

கைதுக் குறிப்பில் கைது செய்த நேரம் பதினொன்று என்று போட்டிருந்தது. ஆறரைக்கு ஜீப்பில் ஏறியவன். நடுவில் நாலரை மணி நேரம் நான் அவர்களுக்கு யார் என்று யாரும் எழுதவில்லை. விருந்தாளி என்றால் காப்பி கொடுத்திருப்பார்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லியாயிற்று என்றும் எழுதியிருந்தது. எந்த எண்ணுக்கு, யாரிடம் என்று இல்லை. என் பெண்டாட்டி நான் ஏரலில் கறி தின்கிறேன் என்று இருந்தாள். தங்கச்சி நான் வேண்டுமென்றே வரவில்லை என்று இருந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் போனில் சண்டை போட்டுவிட்டார்கள். சண்டை முடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

சட்டம் இப்படி. கஞ்சா இருபது கிலோவுக்கு மேலே இருந்தால் அது வியாபார அளவு. குறைந்தது பத்து வருஷம். ஜாமீன் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். இருபதுக்குக் கீழே என்றால் தண்டனை நீதிபதி பார்த்துப் போடுவது. நான் அந்தக் கோட்டுக்கு ஒரு கிலோ இருநூறு கிராம் மேலே இருந்தேன்.

வழக்கு நடக்க இரண்டு வருஷம் ஆனது. உள்ளே இருந்தபடியே நடந்தது. மச்சினன் ஒரு வக்கீலைப் பிடித்தான். நில வழக்கில் கெட்டிக்காரர். என் வழக்கில் அடிக்கடி போனைப் பார்த்துக்கொண்டார். சாட்சிகளில் பாய் வந்தது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரசுத் தரப்பு வக்கீல் தராசைக் காட்டிக் கேட்டார்.

"இது உங்கள் தராசுதானா?"

"ஆமா சார். ரெண்டு வருசமாச்சு. கடன் தராசுல நிறுக்கேன். எப்ப சார் தருவீங்க?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். எடை போட்டதைப் பார்த்தீரா?"

"பாத்தேன். தட்டை எடுக்கல. எண்ணைப் பூச்சியத்துக்கும் கொண்டாரல. தட்டோட சாக்க வச்சு நிறுத்தாவ. கோழிக்கே நான் அப்படிச் செய்ய மாட்டேன் சார். ஹராம்."

அரசுத் தரப்பு வக்கீல் உடனே, இவர் பிறழ் சாட்சி என்றார். பாய்க்கு அது புரியவில்லை. "பொய்யா சொல்லுதேன்? தட்டு கிடக்கு பாருங்க, நிறுத்துப் பாருங்க" என்று மேசையைக் காட்டினார். நீதிபதி அமைதி என்றார். எல்லாம் தட்டச்சு ஆனது. என் வக்கீலைப் பார்த்து, குறுக்கு விசாரணை உண்டா என்று கேட்டார்கள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி, "இல்லை" என்றார்.

தீர்ப்பு வந்தது. 'எதிரி அந்த மூட்டையை மிகுந்த கவனத்துடன் இறக்கி வைத்ததிலிருந்து, உள்ளே இருந்த பொருளின் தன்மையை அவர் அறிந்திருந்தார் என்பது தெளிவாகிறது.' எதிரி என்பது நான். பத்து வருஷம். அபராதம் வேறே.

வீட்டில் பெண்டாட்டி நாள் முழுக்க இலையைச் சுருட்டுகிறாள். பீடி. அதற்குச் சங்கம் உண்டு, சேமநிதி உண்டு. நான் ஒரு இலையை ஐம்பது அடி தூக்கினேன்.

நாற்பத்தாறு வயதில் உள்ளே போனேன். பத்து வருஷம் என்றால் ஐம்பத்தாறு. தாடி நரைத்ததைப் பற்றி இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள்தான் படிப்பு. ஐம்பத்தாறு வயதில், பத்து வருஷம் சும்மா கிடந்த தோளோடு போய் நின்றால் எந்தச் செட்டிலும் சேர்க்க மாட்டார்கள். செட்டு என்பது ஐந்து பேர் சேர்ந்த கூட்டம். என் இடத்தில் வேறு ஆள் நிற்பான். நியாயம்தான். நானும் சேர்த்திருக்க மாட்டேன். எனக்கு வேறு வேலை தெரியாது. மேல்முறையீடு செய்தால் உண்டு, இல்லாவிட்டால் வெளியே வந்தும் உள்ளே இருப்பது மாதிரிதான்.

நில வழக்கு வக்கீல் மேல்முறையீட்டுக்கு வரவில்லை. சட்ட உதவியில் மதுரை உயர் நீதிமன்றத்தில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார்கள். சின்ன வயது. பாளையங்கோட்டைச் சிறைக்கு வந்து பார்த்தார்கள். வழக்குக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கொடுத்தார்கள்.

"அண்ணே, இத முழுசாப் படிங்க. நீங்க அங்க இருந்தவரு. நான் இல்ல."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். விரல் வைத்துத்தான் வாசிப்பேன். மூன்று மாதம் வாசித்தேன். பக்கத்துப் பாய்க்காரன் ஆள் கடத்தல் வழக்கு. அவன் தினமும் கேட்பான்.

"என்ன வே, கதை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"ஜீப்பு வந்துட்டு."

"போன வாரமும் ஜீப்புதான வந்துது?"

"ஏட்டையா நெறைய எழுதியிருக்காரு."

"நெசமாவே ஒமக்கு உள்ள என்னன்னு தெரியாதா வே? எங்கிட்டச் சொல்லும். நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?"

"தெரியாது."

"கோட்டிக்காரரு. தெரியாம பத்து வருசம். நான் தெரிஞ்சு ஏழுதான்."

வக்கீலம்மா திரும்ப வந்தபோது கேட்டார்கள்.

"எதாவது தப்பா எழுதியிருக்காங்களாண்ணே?"

"எடையில கழிவு போடலம்மா."

"கழிவுன்னா?"

சொன்னேன். மண்டியில் எந்த மூட்டையையும் சாக்கோடு நிறுத்தால் சாக்கு எடையைக் கழிப்பார்கள். அதுதான் கழிவு. வாங்குகிறவன் சாக்கு தின்ன மாட்டான். பெரிய சணல் சாக்கு காய்ந்திருந்தால் ஒரு கிலோ. நனைந்து வந்தால் இரண்டு, சில சமயம் அதற்கு மேலே. கார்த்திகை மழையில் எங்கள் மண்டியில் நடக்கிற சண்டையெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான். விற்கிறவன் ஒன்று என்பான். வாங்குகிறவன் இரண்டரை என்பான்.

"இந்தச் சாக்கு எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டுக்குக் கொறயாது. எங்கழுத்துல ஊத்துன தண்ணி எனக்குத் தெரியும்."

"நனைஞ்சுதுன்னு எழுதியிருக்காங்களா?"

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வக்கீலம்மா 'ஊறிச் சொட்டச் சொட்ட' என்பதை இரண்டு தரம் வாசித்தார்கள். அவர்கள் வாய் சிரிக்க ஆரம்பித்து நின்றது.

"சாக்குடன் எடைன்னும் அவரே எழுதியிருக்காரு."

"ஆமாம்மா. மண்டிக்கு வந்து இப்படி நிறுத்திருந்தா முதலாளி அண்ணாச்சி சாக்க வச்சே அடிச்சு வெரட்டியிருப்பாரு."

"பாய் சாட்சியில தட்டு வேற இருக்கு."

"தட்டு அரைக் கிலோ இருக்கும்."

"டேப்பு, பிளாஸ்டிக்கு."

"அது கெடக்கட்டும்மா. அது இல்லாமலே கோட்டுக்குக் கீழ வந்தாச்சு."

வக்கீலம்மா இன்னொரு தாளை எடுத்தார்கள். ஆய்வக அறிக்கை. ஏட்டையா கவரில் போட்ட மாதிரி ஐம்பது கிராம். ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது அறுபத்துமூன்று கிராம்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"வளந்திருக்கு."

"முப்பத்தெட்டு நாளு ஸ்டேஷன்ல இருந்திருக்குண்ணே."

"தண்ணி ஊத்தியிருப்பாவ."

அப்போது சிரித்துவிட்டார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். எடை குறைந்தால் தண்டனைதான் குறையும். எடுத்த பொருளும் ஆய்வகம் பார்த்த பொருளும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தால்தான் முழுசாக விடுதலை. மாதிரி எடுப்பதை மாஜிஸ்திரேட் முன்னால் செய்திருக்க வேண்டும். ஜீப்பின் மூக்கில் வைத்துச் செய்யக் கூடாது. முப்பத்தெட்டு நாள் அது யார் கையில், எந்த அலமாரியில் இருந்தது என்பதற்கு ஒரு பதிவேடு உண்டு. அதைக் கீழ்க் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.

"ஆனா ரொம்ப எதிர்பாக்காதீங்க. ஒரு தவறு இருந்தா மன்னிச்சிருவாங்க. எல்லாத் தவறும் சேந்து நிக்கணும்."

"செட்டு மாதிரி."

"என்னது?"

"ஒண்ணுமில்லம்மா."

மேல்முறையீடு விசாரணைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. நான் போக முடியாது. பெண்டாட்டி போனாள். ஒரு நாள் பீடியை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய், பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வாரம் மனு பார்க்க வந்தபோது சொன்னாள். மனு பார்ப்பது என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு போன். போனில் பாதிச் சொல் கேட்காது. அவள் சொல் கண்ணாடி தாண்டியே கேட்கும்.

"ஏட்டி, என்னாச்சு?"

"மொதல்ல சாப்புட்டீங்களான்னு கேக்க மாட்டீங்க. கோர்ட்டு கோயிலு மாதிரி பெருசா இருக்கு. செருப்பத்தான் கழட்டச் சொல்லல."

"கேஸ் என்னாச்சு?"

"இருங்க, சொல்லுதேன்ல்லா. ஜட்ஜையா கேட்டாவ, சாக்கு எத்தன கிலோன்னு. கவர்மெண்டு வக்கீலு பொஸ்தகத்தப் பெரட்டுதாரு, பெரட்டுதாரு, மொய் நோட்டுல பேரு தேடுத மாதிரி."

"பொறவு?"

"பதிவு இல்லன்னாரு. நம்ம வக்கீலம்மா எந்திரிச்சு, பாய் சொன்னதை வாசிச்சாவ. கோழிக்கே செய்ய மாட்டேன்னு இருக்குல்லா, அது. ஜட்ஜையா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாவ. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பொம்பள எங்கிட்டக் கேக்கா, இது கோழி திருடுன கேஸான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். கஞ்சான்னு சொல்லுததுக்கு அது எவ்வளவோ தேவல."

"மாதிரி? அம்பது கிராமு?"

"அதுக்கு அந்த வக்கீலு, ஈரத்துல எட கூடியிருக்கும்னாரு. ஜட்ஜையா கண்ணாடியக் கழட்டிட்டாவ. முப்பத்தெட்டு நாளு காயிதக் கவர்ல கெடந்த எல காயுமா, நனையுமான்னு கேட்டாவ. அந்த வக்கீலு திரும்பப் பொஸ்தகத்தப் பெரட்டுதாரு."

"பதிவேடு?"

"அடுத்த வாய்தாவுக்குக் கொண்டாரச் சொல்லியிருக்காவ."

கொண்டுவந்தார்கள். அதற்கும் அவள் போனாள். ஏட்டையாவே தூக்கிக்கொண்டு வந்திருந்தாராம். இப்போது ஓய்வு பெறப் போகிறவர். என் பெண்டாட்டியைத் தெரியாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்திருக்கிறார். பதிவேட்டைத் திறந்தார்கள். சாக்கு உள்ளே வந்த தேதிக்குப் பக்கம் இருந்தது. பக்கத்தில் எழுத்து இல்லை. மாதிரி வெளியே போன தேதிக்கும் பக்கம் இருந்தது. அதிலும் எழுத்து இல்லை. நாலு பக்கம் மகஜர் எழுதிய ஆள் அன்று ஸ்டேஷனுக்கு வந்ததுமே கிளம்பி, அந்த முப்பத்தெட்டு நாளும் விடுப்பில் இருந்திருக்கிறார். மகள் கல்யாணம். அவர் இல்லாவிட்டால் அந்த ஸ்டேஷனில் எழுத ஆள் இல்லை.

"அந்த மனுசன் மொகம் வாடிட்டுங்க" என்றாள் பெண்டாட்டி. "பாவமா இருந்துச்சு."

"ஒனக்கு எம்மேல பாவமா இருந்துச்சா எப்பவாவது?"

"நீங்க மூட்டையத் தூக்குனீங்க. அவரு பொண்ணக் கட்டிக் குடுத்துருக்காரு."

தீர்ப்பை ஒத்தி வைத்தார்கள். ஆறு வாரம். அந்த ஆறு வாரம் நான் தூங்கினேன், சாப்பிட்டேன். பக்கத்துப் பாய்க்காரன்தான் தூங்கவில்லை. அவன் என்மேல் இன்னொருவனிடம் இரண்டு கட்டு பீடி பந்தயம் கட்டியிருந்தான். விடுதலை ஆகாது என்று.

ஒரு மத்தியானம் வார்டர் வந்தார்.

"ஏலே மூட்ட, ஒனக்கு வந்துட்டு."

"என்னது?"

"வெளிய போறதுக்கு. வேற என்ன, காது குத்துப் பத்திரிகையா?"

பாய்க்காரன் ஜெயித்தவனிடம் பீடியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "சவத்து மூதி, போய்த் தொல" என்றான். கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

தீர்ப்பின் நகலைப் பின்னால் வக்கீலம்மா அனுப்பினார்கள். நான் குற்றம் செய்யவில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. கைது நேரம் சரியில்லை. எடை சரியில்லை. மாதிரி எடுத்த முறை சரியில்லை. அது முப்பத்தெட்டு நாள் எங்கே இருந்தது என்று அரசு காட்டவில்லை. ஆகவே சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. நானும் நிரபராதி என்ற சொல்லைத் தேடி விரல் வைத்து வாசித்தேன். இல்லை. ஆனால் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'சுமை தூக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் மூட்டையைக் கவனத்துடன் இறக்கி வைப்பது இயல்பானதே. அதிலிருந்து வேறு எதையும் ஊகிக்க இடமில்லை.' அந்தப் பக்கத்தை மட்டும் மடக்கி வைத்திருக்கிறேன்.

வெளியே வந்த மறுநாள் பாய் கடைக்குப் போனேன். நன்றி சொல்ல. அவர் கோழியை அறுத்துக்கொண்டே பார்த்தார்.

"நீரு வந்துட்டீரு. என் தராசு வரல."

"மனு போடும் பாய்."

"போட்டாச்சு. தராசு யாருதுன்னு சாட்சி கேக்காவ. நீரு வந்து சொல்லுதீரா?"

"நான் கோர்ட்டுப் பக்கம் வர மாட்டேன்."

"சரி விடும். அரைக் கிலோ கொண்டு போரும். தட்ட எடுத்துட்டுத்தான் நிறுப்பேன், பயப்படாதேயும்."

காசு வாங்கவில்லை.

அதற்கு மறுநாள் மண்டிக்குப் போனேன். மூன்று வருஷம் பத்து மாதம் ஆகியிருந்தது. நாற்பத்தொன்பது முடிந்து ஐம்பது நடக்கிறது. செட்டில் மூன்று பேர் பழைய ஆள். என் இடத்தில் புது ஆள் நின்றான். முக்கூடல் பக்கத்துக்காரன், முப்பது இருக்கும், நல்ல கழுத்து. ஐந்தாவது ஆள் அன்றைக்கு வரவில்லை. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வே, ஜெயில்ல சோறு நல்லாப் போட்டாவளோ? வயிறு வந்திருக்கு."

"வந்திருக்கு."

"தோளு இருக்கா?"

"தெரியாது."

"லாரி நிக்கி. அரிசி. எரநூறு மூட்ட, அம்பது கிலோ. ஆளுக்கு நாப்பது. இன்னைக்கு ஒரு ஆளு கொறையுதுல்லா, நில்லும். முடிச்சீருன்னா பேசுவோம். முடியலன்னா சொல்லிரும், வெக்கப்படாதேயும்."

புது ஆள் தன் சும்மாட்டுத் துணியை எடுத்து என்னிடம் நீட்டினான். தலையில் சுற்றிக்கொண்டேன். லாரியிலிருந்து முதல் மூட்டை கழுத்தில் வந்து உட்கார்ந்தது. பலகையில் ஏறி, உள்ளே போய், அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மேஸ்திரி சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஆளுக்கு ஒரு வரிசை.

பத்து வரைக்கும் தெரியவில்லை. பதினைந்தில் முழங்கால் பேசியது. இருபதில் மூச்சு. புது ஆள் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே மெதுவாகப் போனான். எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்காக மூன்று மூட்டை வேகமாகத் தூக்கினேன். அதுதான் தப்பு.

பலகை நடுவில் நின்றுவிட்டேன். மூட்டை கழுத்திலேயே இருந்தது. கால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"இறக்கும் வே" என்றார் மேஸ்திரி.

"இத வச்சிட்டு வாரேன்."

வைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். மற்ற நாலு பேரும் என் மூட்டைகளையும் சேர்த்துத் தூக்கினார்கள். லாரி காலியானது. மேஸ்திரி சுவருக்குப் போய், குனிந்து, என் வரிசையை விரல் வைத்து எண்ணினார். ஒரு தரம் எண்ணிவிட்டு இன்னொரு தரம் எண்ணினார்.

நாற்பதுக்கு இருபத்தேழு.